ஆமை வேகக் கம்ப்யூட்டரும் அரைகுறைத் தாழ்ப்பாளும்



ஊறுகாயில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க என்ன செய்ய, குழந்தை சாப்பிட அடம் பிடித்தால் என்ன செய்ய என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே இப்போதெல்லாம் ஒரு புதுக் கேள்வியும் வருகிறது. "எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி நகர்கிறது. என்ன செய்யலாம்?"

ஒரு சகோதரி வேடிக்கையாக எழுதியிருக்கிறார்: "பட்டனை அமுக்கிவிட்டுப் போய், பாலைக் காய்ச்சி, காபி கலந்து குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தால் அப்போதுதான் அது கண்ணைத் திறக்கிறது." இன்னொருவர் கவலையோடு எழுதியிருக்கிறார்: "இவர் புதுசு வாங்கிடலாம்னு சொல்றார். ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய மாசம். பழசையே ஏதாவது சரி பண்ண முடியுமா?"

பெரும்பாலும் முடியும், சகோதரி. அதில் முக்கால்வாசி வேலைக்குக் காசே வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நான் ப்ளஸ் டூ வரை படித்தவள். கம்ப்யூட்டர் வகுப்புக்கெல்லாம் போனதில்லை. பிள்ளை ஹாஸ்டலுக்குப் போன பிறகு, அவன் போனில் சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு பழகினேன். அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இந்த இரண்டையும் மனதில் வைத்துச் சொல்கிறேன். நம் வீடுகளில் அநேகமாக இவைதானே இருக்கின்றன.

இரண்டும் ஒரே வியாதி

"மெதுவாக இருப்பது ஒரு பிரச்னை, வைரஸ், திருட்டு எல்லாம் வேறு பிரச்னை" என்று நாம் நினைக்கிறோம். அப்படி இல்லை. வீட்டுக்குள் வேண்டாத சாமான் குவிந்தால் என்ன ஆகிறது? நடக்க இடமில்லை, கூடவே கரப்பானும் எலியும் குடியேறி விடுகின்றன. கம்ப்யூட்டரிலும் அதே கதைதான். யாரோ எப்போதோ ஏற்றிய விளையாட்டு, இலவசம் என்று இறக்கிய புரோகிராம், தெரியாமல் 'அலவ்' கொடுத்த விளம்பரம், பல மாதமாக ஒத்திப் போட்ட அப்டேட் — கம்ப்யூட்டரை இழுத்துப் பிடிப்பதும் இவைதான், திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதும் இவைதான். ஆகையால் சுத்தம் செய்தாலே பாதிப் பாதுகாப்பு வந்துவிடும். மீதிப் பாதிக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்.

எதையும் தொடுமுன் நகல்

வெள்ளையடிக்குமுன் சாமி படங்களை எடுத்து பத்திரமாக வைப்போமில்லையா? அது போல, எதையும் அழிக்குமுன் போட்டோக்கள், பிள்ளைகளின் பாடங்கள், வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், இன்ஷூரன்ஸ் காகிதம் எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கிலோ பெரிய பென் டிரைவிலோ நகலெடுத்து விடுங்கள். எடுத்து முடித்ததும் அதைக் கழற்றி பீரோவுக்குள் வையுங்கள். செருகியபடியே விட்டால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் வரும்போது நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும்!

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: மூன்று, இரண்டு, ஒன்று. முக்கியமானதற்கு மொத்தம் மூன்று பிரதி. இரண்டு வேறு வேறு சாதனத்தில். அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. அந்த வெளிப் பிரதி இன்டர்நெட்டில் இருக்கலாம். தங்கை வீட்டு அலமாரியிலும் இருக்கலாம்.

ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வந்தாலோ, ஃபைலைத் திறக்கும்போதெல்லாம் உறைந்து நின்றாலோ, மற்ற வேலையெல்லாம் அப்புறம். நகலெடுப்பதை மட்டும் அன்றைக்கே செய்யுங்கள்.

எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்

குழந்தை அழுதால் வயிற்று வலியா, காது வலியா என்று பார்த்துத்தானே மருந்து கொடுக்கிறோம்? கம்ப்யூட்டருக்கும் நோய் பார்க்க ஒரு இடம் உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமுக்கினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். சின்னதாக வந்தால் கீழே 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதை அழுத்துங்கள். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று வரிசையாகத் தலைப்பும், அதன் மேலே சதவீதமும் தெரியும். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்துகொண்டே ஐந்து நிமிஷம் அதைப் பாருங்கள்.

மெமரி எப்போதும் 90-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால், ஒரே நேரத்தில் நிறைய புரோகிராம்கள் திறந்திருக்கின்றன, அல்லது ரேம் போதவில்லை. டிஸ்க் 100-லேயே நின்றால் பழைய ஹார்ட் டிஸ்க் திணறுகிறது. நீங்கள் ஒன்றுமே செய்யாதபோதும் சி.பி.யு. ஏறிக்கிடந்தால், பெயர் தெரியாத ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது. அப்டேட்டாகவும் இருக்கலாம், வைரஸாகவும் இருக்கலாம். கடைக்காரரிடம் போக நேர்ந்தாலும், "மெதுவா இருக்குப்பா" என்று சொல்வதைவிட "டிஸ்க் நூறுலயே நிக்குது" என்று சொல்லிப் பாருங்கள். அவர் பேசும் விதமே மாறிவிடும்!

எழுந்ததும் கூடவே எழுகிறவர்கள்

அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்-அப்' என்று ஒரு பகுதி இருக்கிறது. கம்ப்யூட்டர் கண் விழித்ததும் தானாகக் கூடவே எழுந்திருக்கும் புரோகிராம்களின் பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு பாரம் என்று 'ஹை', 'மீடியம்', 'லோ' போட்டிருக்கும். விளையாட்டு, பாட்டு, மீட்டிங் புரோகிராம் எல்லாம் காலை ஆறு மணிக்கே வந்து கூடத்தில் உட்கார வேண்டிய அவசியம் என்ன? தேவையில்லாததைத் தேர்ந்தெடுத்து 'டிஸேபிள்' கொடுங்கள். இதனால் அந்தப் புரோகிராம் அழிந்துவிடாது. நாம் கூப்பிட்டால்தான் வரும், அவ்வளவே. சவுண்ட், டச் பேட், செக்யூரிட்டி என்று பெயர் இருப்பதை மட்டும் தொட வேண்டாம்.

அப்புறம் செட்டிங்ஸில் 'ஆப்ஸ்' பகுதிக்குப் போய், ஒரு வருஷமாகத் தொடாத புரோகிராம்களை 'அன்இன்ஸ்டால்' கொடுத்து அனுப்பி வையுங்கள். என்னவென்றே தெரியாத பெயராக இருந்தால் அவசரப்பட வேண்டாம். பெயரைக் குறித்துக்கொண்டு யாரையாவது கேளுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். தினமும் 'ஷட் டவுன்' கொடுக்கிறோம், மறுநாள் புதிதாக ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறோம். சீக்கிரம் எழுந்திருப்பதற்காக விண்டோஸ் தன் உள் நிலையைக் கொஞ்சம் சேமித்து வைத்துக்கொண்டுதான் தூங்குகிறது. 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் முழுசாகக் கழுவிவிட்ட மாதிரி எல்லாம் புதிதாகத் தொடங்கும். ஆகவே வாரத்துக்கு ஒரு நாளாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

பரண் சுத்தம்

செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், அதில் 'டெம்பரரி ஃபைல்ஸ்'. தற்காலிகமாக வந்து போகாமல் தங்கிவிட்ட குப்பை அங்கே இருக்கும். டிக் அடித்து அழிக்கலாம். ஆனால் ஜாக்கிரதை! அதே பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி உண்டு. அதில் டிக் போட்டால், இறக்கி வைத்த மார்க் ஷீட், கரண்ட் பில் எல்லாம் போய்விடும். அந்த டிக்கை எடுத்துவிட்டு அப்புறம் அழியுங்கள்.

சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். கழுத்து வரை நிரப்பிய பையில் ஒரு எலுமிச்சம்பழம் தேடுவது எவ்வளவு கஷ்டமோ, நிரம்பிய டிஸ்கில் வேலை செய்வதும் அதற்கு அவ்வளவு கஷ்டம். சினிமா, கல்யாண வீடியோ இவற்றை வெளி ஹார்ட் டிஸ்குக்கு மாற்றுங்கள். ஒரே பிரதியாக அங்கே தங்கிவிடாமல் இன்னொரு நகலும் இருக்கட்டும்.

'ஒரே கிளிக்கில் உங்கள் கம்ப்யூட்டர் பறக்கும்' என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் இதெல்லாம் வேண்டவே வேண்டாம். அவை சரி செய்வதைவிடக் கெடுப்பது அதிகம். சிலது தானே வைரஸாகவும் இருக்கும்.

இன்டர்நெட் ஜன்னல்

நாம் அதிக நேரம் இருப்பது குரோம் மாதிரி பிரவுசரில்தான். மேலே முப்பது டேப்களைத் திறந்து வைத்தால் முப்பது அடுப்பை எரிய விட்ட மாதிரி. படித்து முடித்ததை மூடுங்கள். 'எக்ஸ்டென்ஷன்ஸ்' பகுதியில் நீங்கள் சேர்க்காத எதுவும் இருந்தால் நீக்குங்கள்.

கீழ் மூலையில் 'டிங்' என்று வந்து "உங்கள் கம்ப்யூட்டரில் ஐந்து வைரஸ்" என்று பயமுறுத்துகிறதா? பெரும்பாலும் அது வைரஸே இல்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு தளம் அனுமதி கேட்டது. வீட்டில் யாரோ 'அலவ்' கொடுத்துவிட்டார்கள். பிரவுசர் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதில் 'சைட் செட்டிங்ஸ்', அதில் 'நோட்டிஃபிகேஷன்ஸ்'. அங்கே அனுமதி பெற்ற தளங்கள் வரிசையாக நிற்கும். தெரியாததை நீக்கினால் அந்த டிங் அன்றோடு நிற்கும்.

தூசியும் சூடும்

உள்ளே காற்று போக வழியில்லாமல் சூடேறினால், எரிந்து போகாமல் இருக்கக் கம்ப்யூட்டர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தையிலும் தலையணையிலும் வைக்காதீர்கள். அடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபட்டுவிடும். பலகையோ தாம்பாளமோ போதும். பெரிய கம்ப்யூட்டராக இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெயின்ட் அடிக்கும் மெல்லிய காய்ந்த பிரஷ்ஷால் பின்பக்கத் துவாரங்களைத் துடைத்துவிடுங்கள். ஈரத்துணி கூடாது. அலங்காரமாகத் துணி போர்த்துவதெல்லாம் அணைத்த பிறகுதான்!

இனித் தாழ்ப்பாள்

சுத்தம் ஆயிற்று. இனிப் பாதுகாப்பு. முதல் தாழ்ப்பாள் அப்டேட். "அப்டேட் பண்ணினா இன்னும் மெதுவாகும்" என்று நிறுத்தி வைத்திருக்கும் வீடுகள் நிறைய. 2017 மே மாதம் நடந்ததைச் சொல்கிறேன். 'வான்னாக்ரை' என்ற வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவி, ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன்களைக்கூட ஒத்திப் போட வேண்டி வந்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே வருஷம் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது! போட்டிருந்தவர்கள் தப்பித்தார்கள். இரவு சாப்பாட்டுக்கு முன் அப்டேட்டைப் போட்டுவிட்டால் சாப்பிட்டு வருவதற்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

இரண்டாவது, வைரஸ் தடுப்பு. விண்டோஸுக்குள்ளேயே 'டிஃபெண்டர்' இருக்கிறது. அதற்குத் தனியாகப் பணம் இல்லை. தேடும் கட்டத்தில் 'விண்டோஸ் செக்யூரிட்டி' என்று இங்கிலீஷில் அடித்து, எல்லாம் பச்சை டிக்காக இருக்கிறதா என்று பாருங்கள். மாதம் ஒரு முறை 'ஃபுல் ஸ்கேன்' கொடுங்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் 'ஆஃப்லைன் ஸ்கேன்' என்று ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுசாக எழுமுன்பே தேடும், ஒளிந்திருப்பதும் அகப்படும். இரண்டு மூன்று ஆன்ட்டி வைரஸைச் சேர்த்துப் போடாதீர்கள். ஒரே அடுக்களையில் இரண்டு சமையல்காரர் கதைதான். இன்னும் மெதுவாகும்.

மூன்றாவது, பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு. 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு பெரியவர்களிடம் இருக்கட்டும். குழந்தைகளுக்கு 'ஸ்டாண்டர்ட்' கணக்கு திறந்து கொடுங்கள். எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது ஏற்ற வேண்டுமென்றால் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும். 'கிராக்' போட்ட திருட்டு விளையாட்டு வீட்டுக்குள் வருவது அதிலேயே பெரும்பாலும் நின்றுவிடும்.

நான்காவது, பாஸ்வேர்டு. ஈமெயிலுக்கும் பேங்குக்கும் வேறு வேறாக இருக்கட்டும், நீளமாகவும் இருக்கட்டும். சம்பந்தமில்லாத நான்கு வார்த்தைகளைக் கோத்துக்கொண்டால் நமக்கு ஞாபகம் இருக்கும், மற்றவருக்கு ஊகிக்க முடியாது. ஈமெயிலுக்கு 'டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன்' போட்டுவிடுங்கள். மறந்துவிடுமே என்றால் ஒரு நோட்டில் எழுதி பீரோவில் பூட்டுங்கள். மானிட்டர் ஓரத்தில் மட்டும் ஒட்டாதீர்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு

இது முக்கியம். 2015-ல் வந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கும் ஓட்டைகளை அடைக்க ஆள் வராது. வீட்டு உபயோகத்துக்குத் தனியாகப் பதிவு செய்துகொள்பவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தருவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11-க்கு லாயக்கா என்று 'பி.சி. ஹெல்த் செக்' என்ற அவர்களுடைய இலவசப் புரோகிராம் சொல்லிவிடும். லாயக்கு என்றால் மாறுவதற்குப் பணம் இல்லை. லாயக்கில்லை என்றால் உடனே தூக்கிப் போட வேண்டாம். 'லினக்ஸ் மின்ட்' போன்ற இலவச ஏற்பாட்டைப் போட்டால் பழைய கம்ப்யூட்டரும் பாடம் படிக்க, கடிதம் அடிக்க, படம் பார்க்க நன்றாக உதவும். 2011 முதல் தமிழ்நாட்டு அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பல வீடுகளில் கட்டிலுக்கு அடியில் தூங்குகின்றன. அவற்றுக்கும் இப்படி ஒரு மறுவாழ்வு கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் விண்டோஸை அழித்துவிட்டு ஏற்றுவதால், நகல் எடுத்த பிறகு, தெரிந்தவரை வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

திரை அலறினால்

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் ஒரு பெண் இருக்கிறாள். ஒரு வயது நிறையாத கைக்குழந்தை. போன வருஷம் ஒரு நாள், குழந்தை தூங்குகிற நேரத்தில், ஏதோ இலவசப் புஸ்தகம் இறக்கலாம் என்று ஒரு தளத்துக்குப் போயிருக்கிறாள். திடீரென்று திரை முழுக்கச் சிவப்பு. சைரன் மாதிரி சத்தம். "உங்கள் கம்ப்யூட்டர் பூட்டப்பட்டது, அணைக்காதீர்கள், இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்" என்று இங்கிலீஷில் ஒரு குரல். குழந்தை எழுந்து வீல் என்று அழ, இவள் பதறிப்போய்க் கூப்பிட்டுவிட்டாள்.

பேசியவன் மரியாதையாகப் பேசினானாம். ஒரு புரோகிராமை ஏற்றச் சொன்னான். ஏற்றியதும் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. "99 ரூபாய் மட்டும் கட்டுங்கள், சரி செய்து விடுகிறேன்" என்றான். பேங்க் தளத்தைத் திறந்து இவள் அடித்ததையெல்லாம் அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஓ.டி.பி.யும் சொல்லிவிட்டாள். போனது 99 இல்லை, 18,000 ரூபாய். குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குச் சேர்த்து வைத்த பணம்.

மூன்று நாள் கழித்துத்தான் என்னிடம் வந்தாள்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அவருக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோன்னு பயமா இருக்கு."

"ஏம்மா, மூணு நாளா இதை மனசுல வச்சிட்டா பால் கொடுத்துட்டு இருந்தே?" என்றேன். அழுதுவிட்டாள்.

அப்போதே இருவரும் உட்கார்ந்து 1930 என்ற நம்பருக்கு போன் செய்தோம். ஆன்லைன் பண மோசடிக்கென்றே மத்திய அரசு வைத்திருக்கும் நம்பர் அது. புகாரைப் பதிவு செய்துகொண்டார்கள். ஆனால் மூன்று நாளில் பணம் கணக்கு கணக்காகக் கை மாறிவிட்டிருந்தது. இன்று வரை திரும்பவில்லை. அன்று சாயங்காலம் அவள் கணவரிடம் சொன்னபோது அந்தப் பிள்ளை திட்டவே இல்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!" என்று மட்டும் சொன்னான்.

சகோதரிகளே, நான் இந்த இதழில் சொன்ன அத்தனையிலும் இதை மட்டும் மறக்காதீர்கள். மைக்ரோசாஃப்ட் காட்டும் நிஜமான எச்சரிக்கை எதிலும் போன் நம்பரே இருக்காது. நம்பர் போட்டிருந்தால் அது திருடன். சந்தேகமே வேண்டாம்.

திரை அலறினால் போனைத் தொடாதீர்கள். எஸ்கேப் பட்டனைக் கொஞ்ச நேரம் அமுக்கிப் பிடியுங்கள். அல்லது ஆல்ட் கூட எஃப் 4 அமுக்குங்கள். எதற்கும் மசியவில்லையென்றால் பவர் பட்டனை அணையும் வரை அமுக்கியே வையுங்கள். அணைக்காதே என்று அவன் சொல்வது நாம் அணைத்தால் அவன் கதை முடிந்தது என்பதால்தான். மறுபடி பிரவுசரைத் திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டால் வேண்டாம் என்று மூடுங்கள்.

ஏற்கெனவே உள்ளே விட்டுவிட்டால்? உடனே இன்டர்நெட்டைத் துண்டியுங்கள். வை-ஃபை பெட்டியின் சுவிட்சையே அணைத்தாலும் சரி. பேங்குக்கும் 1930-க்கும் அந்த நிமிஷமே போன் செய்யுங்கள்; சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்திலும் புகார் பதியலாம். வேறு போனிலிருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். அவன் ஏற்றச் சொன்னதை நீக்கி, முழு ஸ்கேன் செய்த பிறகுதான் அந்தக் கம்ப்யூட்டரில் பேங்க் வேலை. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுமுன் தடுத்து நிறுத்த முடிந்தால்தான் பிழைக்கும். அங்கே ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

வீட்டு ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஏசுகிற வீட்டில்தான் பெண்கள் மறைக்கிறார்கள். நாம் மறைக்கிற ஒவ்வொரு மணி நேரமும் திருடனுக்கு லாபம். ஏமாந்தவள் குற்றவாளி இல்லை. படித்தவர்கள், பெரிய பதவியில் இருப்பவர்கள் எல்லாம் ஏமாந்திருக்கிறார்கள்.

செலவு செய்தே ஆக வேண்டுமென்றால்

எல்லாம் செய்தும் டிஸ்க் 100-லேயே நின்றால், டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியைப் பாருங்கள். டிஸ்குக்குக் கீழே எச்.டி.டி. என்றிருந்தால் அது சுழலும் பழைய வகை. லேப்டாப்பில் சாதாரணமாக நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஊசி போன்ற கை ஒன்று ஓடி ஓடித் தேடும். எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் எச்.டி.டி.யை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுங்கள். காபி போடும் நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும் நேரமாகக் குறையும். மெமரிதான் நிரம்புகிறது, 4 ஜி.பி.தான் இருக்கிறது என்றால் ரேமை 8 ஆக்கலாம். சில லேப்டாப்புகளில் ரேமைக் கழற்றவே முடியாது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். விலை மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு கடையில் விசாரியுங்கள்.

ரிப்பேருக்குக் கொடுக்குமுன் குடும்பப் போட்டோக்களை நகலெடுத்துக்கொண்டு, கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுக் கொடுங்கள். முடிந்தால் கூடவே உட்கார்ந்து பாருங்கள். பேங்க் பாஸ்வேர்டு எதையும் பிரவுசரில் சேமித்து வைத்துக் கொடுக்காதீர்கள். மாற்றிய பழைய ஹார்ட் டிஸ்கைக் கட்டாயம் கேட்டு வாங்கி வாருங்கள். அதில் உங்கள் வீடே இருக்கிறது! கம்ப்யூட்டரையே விற்பதானால், 'ரீசெட் திஸ் பி.சி.'யில் எல்லாவற்றையும் நீக்கும் முறையோடு, 'கிளீன் டேட்டா' என்பதையும் தேர்ந்தெடுத்து முழுசாகத் துடைத்த பிறகே கொடுங்கள்.

காலண்டரில் குறித்துக்கொள்ள

வாரம் ஒரு நாள்: ரீஸ்டார்ட், அப்டேட் பார்ப்பது, வேண்டாத டேப்களை மூடுவது.

மாதம் ஒரு நாள்: ஃபுல் ஸ்கேன், டெம்பரரி ஃபைல்ஸ், நகல் எடுத்து பீரோவில் வைப்பது. கரண்ட் பில் கட்டும் நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

ஆறு மாதத்துக்கு ஒரு நாள்: ஸ்டார்ட்-அப் பட்டியல், புரோகிராம் பட்டியல், எக்ஸ்டென்ஷன்ஸ், தூசி. ஆயுத பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைக்கிறோமே, அன்றைக்கு உள்ளேயும் ஒரு தடவை சுத்தம் செய்யலாம்.

1930 என்ற நம்பரை ஒரு காகிதத்தில் பெரிதாக எழுதி, காஸ் நம்பர், டாக்டர் நம்பர் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு இருக்கட்டும்.

ஸ்கூல் ஃபீஸ் மாசத்து சகோதரி, செய்து பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் இப்போது எத்தனை நிமிஷத்தில் கண் திறக்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை!